ஆமைக்கு விசா கிடைக்குமா? கோட்டுச்சேரிமேட்டில் கிளம்பிய ஒரு கேள்வி!

“தம்பி, எனக்கு விசா வந்துடுச்சு. பாப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே வந்துடுச்சு. இந்த மூணாவது ஆளுக்கு என்ன வாங்கணும்னுதான் தெரியல.”

கோட்டுச்சேரிமேட்டில் அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மூணாவது ஆள், துணி துவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் ஒரு செங்கல் மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் குங்குமம் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. ஏழாம் வகுப்புப் படிக்கும் பாப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘முசே’. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்களையும், பிரெஞ்சுக்காரர் மாதிரி நடந்துகொள்பவர்களையும் பெரியவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்த ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வரி. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். அன்று ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் பாரிஸுக்கும் காரைக்காலுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். பாப்பாவின் அப்பாவும் அப்படி ஒருவர்தான். இப்போது மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்கிறார்.

முசேயை என்ன செய்வது? திண்ணையிலேயே மூன்று யோசனைகள் வந்தன. பக்கத்து வீட்டு அண்ணன், “ஈரத்துணியில சுத்தி சூட்கேஸ்ல வெச்சிடுங்க. ஆமைதானே, சத்தமா போடப்போவுது?” என்றார். அடுத்தவர், “அரசலாத்துல விட்டுடுங்க, புண்ணியம்” என்றார். அப்பாயி மட்டும் பழைய பல்லவியைப் பாடினார்: “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு அன்னிக்கே சொன்னேன்.”

முதல் யோசனை, அமீனாவை உண்மையிலேயே வீட்டுக்கு வரவழைக்கும். இரண்டாவது, யோசனை சொன்னவருக்கே தெரியாத ஒரு பாவம். மூன்றாவதை அப்பாயியோடு நான் வாதிடப் போவதில்லை.

“டாமிப்பய போனானே, இவன் ஏன் போகக் கூடாது?” என்று பாப்பா கேட்டாள். தெருவில் ஒரு குடும்பம் நாயைப் பிரான்ஸுக்குக் கூட்டிப்போயிருக்கிறது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

நாய்க்கு ஊசி, ஆமைக்கு ஜாதகம்!

நாய், பூனை விஷயத்தில் எல்லா நாடுகளுக்கும் உள்ள முதல் பயம் வெறிநாய்க்கடி நோய். அதனால் சட்டமும் அதைச் சுற்றியே இருக்கிறது. இந்தியாவிலிருந்து பிரான்ஸுக்குப் போகும் நாய்க்கு மைக்ரோசிப் வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும். ஊசி வேலை செய்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் பொறுமையும் பணமும் இருந்தால் நாய் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆமை, பாம்பு, ஓணான் வகைகளுக்கு வெறிநோய் ஊசி கிடையாது. ‘அப்போ சுலபம்தானே!’ என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாயைப் பார்த்து அதிகாரி கேட்பது, ‘இதற்கு நோய் இருக்கிறதா?’ ஆமையைப் பார்த்துக் கேட்பது, ‘இது என்ன ஜாதி, எங்கே பிறந்தது, உன்னிடம் எப்படி வந்தது?’ டாக்டர் சர்ட்டிஃபிகேட் எத்தனை வைத்திருந்தாலும் இந்தக் கேள்விகளுக்கு அது பதில் ஆகாது. ஊர்வனவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஜாதகம், உடம்பு அப்புறம்.

அதனால் டிக்கெட் போடும் முன்பே, உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஆமை’ என்ற ஒரு சொல் போதாது. இனத்தைப் பொறுத்துச் சட்டம் தலைகீழாக மாறுகிறது.

நட்சத்திர ஆமை வைத்திருக்கிறீர்களா?

கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். பார்க்க அத்தனை அழகு. அதிர்ஷ்டம் வரும், வாஸ்து சரியாகும் என்று சொல்லி ரகசியமாக விற்கிறார்கள். (ஒரு பக்கம் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறோம், இன்னொரு பக்கம் அதிர்ஷ்டத்துக்கு ஆமை வாங்குகிறோம். நம்மை என்னவென்று சொல்வது!)

இந்த ஆமையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்விக்கே இடமில்லை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புது வடிவில் அமலில் இருக்கிறது. முன்பு கீழ்ப் பட்டியல் ஒன்றில் இருந்த நட்சத்திர ஆமை, இப்போது புலியும் யானையும் இருக்கும் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் விலங்குகள் விஷயத்தில் தப்புச் செய்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

உலக அளவிலும் அதே கதைதான். காட்டு உயிர்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் ‘சைட்டிஸ்’ என்ற ஒப்பந்தம் வந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா 1976-ல் சேர்ந்தது. 2019-ல் ஜெனிவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் நட்சத்திர ஆமையை இரண்டாம் இணைப்பிலிருந்து முதல் இணைப்புக்கு, அதாவது வணிகமே கூடாது என்ற வரிசைக்கு உயர்த்தினார்கள். கேட்டவர்களில் இந்தியாவும் உண்டு. அந்த அளவுக்குக் கடத்தல் நடந்துகொண்டிருந்தது. சென்னை விமான நிலையத்தில் சூட்கேஸிலும் பார்சலிலும் இந்த ஆமைகள் பிடிபட்ட செய்தியை நீங்களே பலமுறை படித்திருப்பீர்கள்.

நட்சத்திர ஆமை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வயல் வாய்க்காலில் அகப்படும் பாலாமை, உடும்பு, மலைப்பாம்பு, நல்லபாம்பு, சாரைப்பாம்பு எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. ‘குட்டியா இருந்துச்சு, பாவமா இருந்துச்சு, எடுத்துட்டு வந்து வளர்த்தோம்’ என்பது சட்டத்தில் சமாதானம் ஆகாது. காட்டு விலங்கு அரசாங்கத்தின் சொத்து என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது.

கோட்டுச்சேரிமேடு மாதிரி மீனவர் கிராமத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க நேரம் ஆகாது. இந்தக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது எல்லோருக்கும் தெரியும். அந்த முட்டையைத் தோண்டக் கூடாது, வலையில் மாட்டினால் அறுத்து விட வேண்டும் என்பதும் தெரியும். அதே சட்டத்தின் அதே முதல் பட்டியல்தான் வீட்டுக்குள் இருக்கும் நட்சத்திர ஆமைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அப்படி ஓர் ஆமை வீட்டில் இருந்தால், தானாகவே முன்வந்து வனத்துறையிடம் பேசுவதுதான் வழி. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கலந்துகொள்வதும் நல்லது. காரைக்கால்காரர்களுக்கு இதில் ஒரு சின்னக் குழப்பம் வரும். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடி தமிழ்நாட்டு வனத்துறைக்குள் வரும்; இந்தப் பக்கம் நாம் புதுச்சேரி வனத்துறைக்குள் வருகிறோம். சட்டம் ஒன்றுதான், போக வேண்டிய அலுவலகம் வேறு.

இகுவானாவும் மலைப்பாம்பும்: காகிதம் இருந்தால் வழி உண்டு

அடுத்த வகை, வெளிநாட்டு இனங்கள். பச்சை இகுவானா, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு போன்றவை. நம் ஊர்களில் யார் இதையெல்லாம் வளர்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் தோளில் இகுவானாவோடு எத்தனை பிள்ளைகள்!

இவை சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் இருப்பவை. வர்த்தகமே கூடாது என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அனுமதி வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு நம் சட்டத்தின் நான்காம் பட்டியலிலும் இந்த இனங்கள் வந்துவிட்டன. 2024 பிப்ரவரி 28-ல் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட உயிருள்ள விலங்கை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்குள் ‘பரிவேஷ் 2.0’ இணையதளத்தில் பதிய வேண்டும் என்றது. அந்தக் கெடு 2024 ஆகஸ்ட் 28-ல் முடிந்தது. அதற்கும் முன்னால் 2020 ஜூனில் ‘தானாக முன்வந்து சொல்லுங்கள், ஆறு மாதத்துக்குள் சொன்னால் காகிதம் கேட்க மாட்டோம்’ என்று ஒரு சலுகையும் கொடுத்தார்கள்.

பதிவு இல்லாத இகுவானாவோடு வெளிநாடு போகும் கனவை விட்டுவிடலாம். பதிவு இருக்கிறது என்றால், வரிசை இப்படிப் போகும். முதலில் இந்தியாவின் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழுள்ள மேலாண்மை ஆணையம்தான் தர வேண்டும். விலங்கு சட்டப்படி உங்களிடம் வந்ததா, அதை அனுப்புவதால் அந்த இனத்துக்குக் கேடு வருமா, வழியில் வதைபடாமல் போகுமா என்று மூன்றையும் பார்ப்பார்கள். கிடைத்தால் அந்த அனுமதி ஆறு மாதம் செல்லும். வர்த்தகத் துறையின் ஏற்றுமதிக் கொள்கையும் அதற்கு இடம் தர வேண்டும்.

இரண்டாவது, போகும் நாட்டின் அனுமதி. சைட்டிஸ் ஒப்பந்தப்படி இரண்டாம் இணைப்பு இனத்துக்கு ஏற்றுமதி அனுமதி போதும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், இறக்குமதி அனுமதியையும் கேட்கிறது. பிரான்ஸில் அதற்கு இணையவழி விண்ணப்பம் இருக்கிறது. அதையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு இல்லை.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். ‘சொந்த உபயோகப் பொருளுக்கு சைட்டிஸில் விலக்கு உண்டு, என் இகுவானா என் சொந்தப் பொருள்தானே’ என்று சிலர் சொல்வார்கள். விலக்கு உண்டு என்பது நிஜம். ஆனால் ஐரோப்பியச் சட்டம் ‘சொந்தப் பொருள்’ என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கம், உயிரில்லாத பொருள்கள். முதலைத்தோல் பர்ஸ் அந்தக் கணக்கில் வரும். மூச்சு விடும் இகுவானா வராது.

மூன்றாவது, அங்கே வளர்க்க அனுமதி. பலர் கோட்டைவிடுவது இதைத்தான். நாட்டுக்குள் வருவது வேறு, வீட்டில் வைத்திருப்பது வேறு. பிரான்ஸில் 2018 அக்டோபர் 8-ல் வந்த ஓர் ஆணை, காட்டு வகை விலங்குகளைத் தரம் பிரித்திருக்கிறது. சிலவற்றைச் சும்மா வளர்க்கலாம். சிலவற்றுக்கு அரசிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சிலவற்றுக்கு ‘இந்த விலங்கைப் பராமரிக்க எனக்குத் தகுதி இருக்கிறது’ என்று சான்றிதழே வாங்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இனம் என்றால் மைக்ரோசிப் மாதிரி அடையாளமிட்டுத் தேசியப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும்.

உடல்நலச் சான்றிதழ் இதெல்லாம் முடிந்த பிறகுதான். அதற்கு மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது.

விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலான விமான நிறுவனங்கள் பயணிகள் அறைக்குள் நாய், பூனையைத்தான் அனுமதிக்கின்றன. ஊர்வன என்றால் சரக்காகத்தான் போகும். அதற்குப் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் தனி விதிப் புத்தகமே வைத்திருக்கிறது. தப்பிக்க முடியாத பெட்டி, காற்றுத் துளை, ‘உயிருள்ள விலங்கு’ என்ற லேபிள் என்று எல்லாம் அதில் உண்டு. பாம்பு என்றால் முதலில் துணிப்பையில் கட்டி, பிறகு பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

குளிர்தான் பெரிய விஷயம். ஆமைக்கும் பாம்புக்கும் நம்மைப்போல உடம்புக்குள் அடுப்பு எரிவதில்லை. வெளியே என்ன சூடோ அதுதான் உள்ளேயும். கோட்டுச்சேரிமேட்டு வெயிலில் வளர்ந்த ஜீவன், ஜனவரி மாத பாரிஸ் சரக்குக் கிடங்கில் இரண்டு மணி நேரம் இருந்தாலே செத்துப்போகலாம். சூட்கேஸில் ஈரத்துணி சுற்றி வைக்கச் சொன்ன அண்ணனிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். சட்டத்தை அப்புறம் சொன்னேன்.

சட்டமும் சும்மா இல்லை. 2023 ஜூலைக் கடைசியில் நமக்குப் பக்கத்துப் பன்னாட்டு விமான நிலையமான திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் சென்னையில், அதே கோலாலம்பூரிலிருந்து வந்த பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அவர்களெல்லாம் கடத்தல்காரர்கள், நாம் அப்பாவிகள் என்று தோன்றலாம். ஆனால் எக்ஸ்ரே மெஷினுக்கு ஆமையின் ஓடுதான் தெரியும், நம் பாசம் தெரியாது. சுங்கத்துறைக்குத் துணையாக வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவும் சென்னையில் மண்டல அலுவலகம் வைத்திருக்கிறது.

முசேயின் ஜாதகம்

இனி நம்ம ஆள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்ததே, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சிவப்புக்காது ஆமை. பிறந்தகம் அமெரிக்காவின் மிசிசிபி ஆற்றுப் பக்கம். அக்வேரியம் கடைகளில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது விற்பார்கள். ‘இவ்வளவுதான் வளரும்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். ஒரு அடி வரை வளரும். முப்பது ஆண்டு வாழும்.

நம் நாட்டு ஆமை இல்லை என்பதால் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இது இல்லை. சைட்டிஸ் இணைப்புகளிலும் இல்லை. அக்கா முகத்தில் நிம்மதி தெரிந்தது. “அப்போ கொண்டுபோலாமா?” என்றார்.

கொண்டுபோக முடியாது. தடுப்பது நம் ஊர்ச் சட்டம் இல்லை, அந்த ஊர்ச் சட்டம்.

1980-களின் இறுதியில் நின்ஜா ஆமைக் கார்ட்டூன் உலகமெல்லாம் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டியது. எல்லாப் பிள்ளைகளும் ஆமை கேட்டார்கள். 1989 முதல் 1997 வரை அமெரிக்கா 5 கோடிக்கும் மேற்பட்ட சிவப்புக்காது ஆமைகளை ஏற்றுமதி செய்தது. ஐரோப்பாவில் நாணயமளவு இருந்தது சாப்பாட்டுத் தட்டளவு ஆனதும், பெற்றோர்கள் ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அது வெயில் காயும் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு, அந்த மண்ணின் ஆமைகளைத் துரத்த ஆரம்பித்தது. 1997-லேயே ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை நிறுத்தியது. 2016 ஆகஸ்ட் 3 முதல், ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து முழுத் தடை போட்டது. கொண்டுவரக் கூடாது, விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, வெளியே விடக் கூடாது. ஏற்கெனவே அங்கே வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும், அந்த ஆமை ஆயுள் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று கருணை காட்டினார்கள். புதிதாக வெளியிலிருந்து வருவதற்கு அந்தக் கருணை கிடையாது.

எந்த மனு போட்டாலும், எத்தனை சான்றிதழ் வாங்கினாலும், செல்லப் பிராணியாக முசே பிரான்ஸுக்குள் போக முடியாது. நாலு வருஷம் கையால் தீனி போட்டு வளர்த்த பிள்ளையிடம் இதை யார் சொல்வது? அக்கா என்னைப் பார்த்தார். நான் டப்பைப் பார்த்தேன்.

வேறு நாடு என்றால் கதையே வேறு என்பதுதான் இதில் வேடிக்கை. டெல்டாக்காரர்கள் அதிகம் இருக்கும் சிங்கப்பூரில் பாம்பு, இகுவானா, நட்சத்திர ஆமை எதையும் வளர்க்க முடியாது. ஆமைகளில் இரண்டே இனத்துக்குத்தான் அங்கே அனுமதி. அதில் ஒன்று, ஐரோப்பா விரட்டும் இதே சிவப்புக்காது ஆமை! அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமையை விற்க 1975-லிருந்து தடை. ஆமையின் உடம்பில் இருக்கும் சால்மோனெல்லா கிருமியால் குழந்தைகள் காய்ச்சலில் படுத்ததுதான் காரணம். ஆனால் சொந்தத்துக்கு என்றால் அந்த அளவு ஆமையை ஆறு வரை கொண்டுவரலாம் என்று அதே நாடு சொல்கிறது. நியூசிலாந்துக்குப் பாம்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. ஒரு நாட்டுக்குப் போனவர் சொன்ன அனுபவம் இன்னொரு நாட்டுக்கு உதவாது. சித்தப்பா சிங்கப்பூர் கதையைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். போகும் நாட்டின் அரசு இணையதளத்தையும் பாருங்கள்.

(அந்தச் சால்மோனெல்லா விஷயத்துக்காகவே ஆமையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். “ஆமையத் தொட்ட கையோட சோத்துல கை வெக்காதடி” என்று அப்பாயி கத்தியது வீணில்லை.)

ஆற்றில் விட்டால் புண்ணியமா?

கொண்டுபோக முடியாது என்றதும் எல்லோர் வாயிலும் வந்தது அரசலாறுதான். “தண்ணில பொறந்தது, தண்ணிக்கே போவட்டும்.”

ஐரோப்பாவில் நடந்ததும் இப்படித்தான் தொடங்கியது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இந்த ஆமைக்கும் இடம் உண்டு. நம் வாய்க்கால்களில் ஏற்கெனவே பாலாமைகள் வாழ்கின்றன. அவற்றின் நத்தையையும் மீனையும் பங்குபோட, முப்பது வருஷம் வாழப்போகும் ஒரு விருந்தாளியை நாமே இறக்கிவிடுவது எந்த ஊர் புண்ணியம்? கேரளத்தில் இந்த ஆமைகள் நீர்நிலைகளில் தென்பட ஆரம்பித்ததும், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், ‘வெளியே விடாதீர்கள், எங்களிடம் கொடுங்கள்’ என்று மக்களிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டிவந்தது.

முசே போகவும் முடியாது, ஆற்றுக்கும் விடக் கூடாது. இங்கேயே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்கு இல்லை. பாப்பா காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வந்தாலும் முசே இருக்கும். வாங்கும்போது இதை யாரும் யோசிக்கவில்லை. 200 ரூபாய் பொருள், யார் யோசிப்பார்கள்?

பாப்பாவிடம் நான்தான் சொன்னேன். உன் ஆமை செய்த தப்பு எதுவும் இல்லை, அங்கே முன்னாடி போன ஆமைகளால் வந்த சட்டம் என்றேன். அவள் அழவில்லை. “அவங்க விட்டுட்டாங்க, அதனால முசே வர முடியல. அப்படித்தானே?” என்று கேட்டாள். அப்படித்தான்.

நிரவியில் இருக்கும் மாமா பொறுப்பு எடுத்துக்கொண்டார். தப்பித்து வாய்க்காலுக்குப் போய்விடக் கூடாது என்பதால் சுற்றிலும் இரண்டடிச் சுவர் வைத்து, கொல்லையில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டினார்கள். ஏறி நிற்க, கோட்டுச்சேரிமேட்டு டப்பிலிருந்த அதே செங்கல். பாப்பா ஒரு பக்க நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: கீரை தினமும், மீன் வாரம் ரெண்டு நாள், சோறு போடவே கூடாது, வெயில் கண்டிப்பா வேணும், தண்ணி மாத்தினதும் கையை சோப்புப் போட்டுக் கழுவணும்.

மாமா அந்தத் தாளை லேமினேட் செய்து, தொட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ கால். பாரிஸில் அப்போது காலை. முசே செங்கல் மேல் ஏறி நிற்கும் நேரம் பார்த்துத்தான் போன் போடுகிறார்கள்.